சிவப்பு விளக்கில் போட்ட கையெழுத்து

ஒரு வியாழக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். கறுப்பு வெள்ளைப் படம் எடுக்க வேண்டும். அந்த ஃபிலிமைத் தன் கையாலேயே கழுவ வேண்டும். இருட்டறையில் நின்று தானே பிரின்ட் போட வேண்டும். வாயில் நுரையோடு அடுப்படிக்கு ஓடிவந்து மனைவியிடம் அதை அறிவித்தார். அறிவிப்பில் பாதி நுரையோடு போய்விட்டது.

"கறுப்பு அடிக்கப் போறீங்களா? மீசைக்கா, தலைக்கா?" என்றாள் மனைவி.

"அடிக்கிறது இல்லம்மா. கழுவுறது. ஃபிலிம் கழுவப் போறேன்."

"சாப்பிட்ட தட்டைக் கழுவி எத்தனை வருஷமாச்சு? ஃபிலிம் கழுவப் போறாராம்."

"அது வேற கழுவல். இது கலை."

"சரி, கழுவுங்க."

அவ்வளவுதான். ஏன், எதற்கு, எத்தனை நாளைக்கு, வீடு நாறுமா என்று ஒரு கேள்வி கிடையாது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. அப்போதே மனுஷன் சுதாரித்திருக்க வேண்டும். வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டார்.

ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் இவர் கையெழுத்தில்தான் ஏறி இறங்குகின்றன. எந்த லிஃப்டுக்குள் போனாலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இவருடைய அறிவிப்பு தொங்கும். 'லிஃப்ட் பாதியில் நின்றால் பதற வேண்டாம். கதவைத் திறக்க முயல வேண்டாம். உதவி வரும். அதுவரை உள்ளே இருப்பவரோடு இதமாகப் பேசிக்கொண்டிருக்கவும்.' கடைசி வரி இவரே சொந்தமாக யோசித்துச் சேர்த்தது. அதற்காக மேலதிகாரி கைகொடுத்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு பெருமையும் உண்டு. இருபத்து மூன்று வருஷ வேலையில் கண்ணால் பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை என்பதை உறுதிப்படுத்த பதினோரு மாடி நடந்து ஏறிப் பார்த்துவிட்டுத்தான் 'ஓடவில்லை' என்று எழுதினார். முட்டி இரண்டும் அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டன. "நான் பார்த்தேன்னா பார்த்தேன், கையெழுத்துன்னா கையெழுத்து" என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

மனைவிக்கும் வேலை உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே பிரிவில். அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று இவருக்குச் சரியாகத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருதரம் கேட்டார். அவளும் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவர் மீதியைக் கேட்க மறந்துபோனார். ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், மூச்சைப் பிடி என்பாள், மூச்சை விடு என்பாள், அப்படி ஏதாவது இருக்கும் என்று தானே வைத்துக்கொண்டார். அவள் குரலைக் கேட்டதும் மூச்சைப் பிடிக்கிற பழக்கம் இவருக்கே இருந்ததால் அது பொருத்தமாகத்தான் பட்டது.

சரி, இந்தத் திடீர்க் கலை எதற்கு? உள்ளதைச் சொல்லிவிடுவோம். காரணம் சகலை.

மனைவியின் அக்காளும் அக்காள் புருஷனும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சரியாக மூன்று மணிக்கு வருவார்கள், ஐந்து மணிக்குப் போவார்கள். சகலைக்கு மெத்தைக்கடை. மெத்தைக்கடைக்காரர் மெத்தையைப் பற்றிப் பேசினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இவர் முதுகெலும்பைப் பற்றித்தான் பேசுவார். மனுஷ முதுகில் மொத்தம் முப்பத்து மூன்று எலும்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு, ஒரு வியாதி, அந்த வியாதி வந்த ஒரு வாடிக்கையாளர். பேச்சோடு நின்றாலும் பரவாயில்லை. பக்கத்தில் இருப்பவர் முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, "இதோ, இதுதான் ஆறாவது" என்று காட்டுவார். பக்கத்தில் இருப்பவர் எப்போதும் நம்ம இன்ஸ்பெக்டர்தான். அந்தக் கடையில் மெத்தை எதற்கு என்றே அவருக்குப் புரியவில்லை. சகலை ஐந்து நிமிஷம் பேசினால் வாடிக்கையாளர் வெறும் தரையிலேயே தூங்கிவிடுவாரே.

அந்த இரண்டு மணி நேரமும் அக்காளும் தங்கையும் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். பேச்சைவிடச் சிரிப்புதான் அதிகம் கேட்கும். அந்தச் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் இவருக்கு எட்டாவது எலும்பு கூடுதலாக வலிக்கும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் ஒரு கட்டடத்தில் லிஃப்டைப் பார்வையிடப் போனார். மூன்றாவது மாடியில் இயந்திர அறை என்று நினைத்து ஒரு கதவைத் திறந்தார். உள்ளே சிவப்பு வெளிச்சத்தில் நாலு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். அது புகைப்பட கிளப்பின் இருட்டறை. கிளப் நடத்துகிற அம்மா வெளியே வந்து, கறுத்துப்போன காகிதம் ஒன்றை அவர் மூக்குக்கு நேராக ஆட்டினாள்.

"கதவைத் திறந்தா படம் போயிடும், தெரியாதா? உள்ள வேலை நடக்கும்போது ராஜாவே வந்தாலும் திறக்கக்கூடாது."

இன்ஸ்பெக்டருக்கு உடம்பு சிலிர்த்தது.

"ராஜா வந்தாலும்னா, சகலை வந்தாலும்தானே?"

"எந்தச் சகலை?"

"சும்மா கேட்டேன். இதை எங்க சொல்லிக்குடுக்கிறாங்க?"

நாலு சனிக்கிழமை வகுப்புக்குப் போனார். வகுப்பில் இவ்வளவு சிரத்தையான மாணவர் வேறு யாரும் இல்லை. ஃபிலிமைக் கும்மிருட்டில் தடவித் தடவித்தான் சுருளியில் சுற்ற வேண்டும். அதைப் பழகுவதற்காக வீட்டு சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பழைய ஃபிலிமைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒருநாள் இடதுகைக் கட்டைவிரலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, கழற்றத் தெரியாமல் அப்படியே சாப்பிட்டார். முதல் தட்டில் ஒரு மருந்து, காகிதத்தில் படம் எழும்பி வரும். இரண்டாவது தட்டு அதை நிறுத்தும். மூன்றாவது தட்டு அழியாமல் நிலைக்க வைக்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். "ஃபிலிமை வெளிச்சம் புகாத டாங்க்ல போட்டு மூடியாச்சுன்னா அப்புறம் லைட் போடலாம், கதவைத் திறக்கலாம், வெளிய போய் டீகூட குடிக்கலாம்" என்று கிளப் அம்மா சொன்ன ஒரு பாடத்தை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போனதிலிருந்து அவளுடைய குளியலறை சும்மாதான் கிடந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கைப்பற்றினார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, பல்பு இருந்த இடத்தில் சிவப்பு பல்பு, கண்ணாடிக்கு மேல் ஒரு சாதாரண விளக்கு, பலகை போட்டு மூன்று தட்டு, கிளப்பிலிருந்து கெஞ்சி வாங்கிவந்த, படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பழைய என்லார்ஜர். மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள்.

"கதவுக்குக் கீழ ஒரு துண்டைச் சுருட்டி வைங்க. வெளிச்சம் அங்கதான் நுழையும்."

"அட, உனக்குக்கூடத் தோணுதே."

"ஏதோ தோணுச்சு," என்றாள் அவள்.

முதல் ஞாயிறு வந்தது. மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இன்ஸ்பெக்டர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். சிவப்பு விளக்கைப் போட்டார். வாளியைக் கவிழ்த்தார், உட்கார்ந்தார். பனியனுக்குள்ளிருந்து செய்தித்தாளை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து க்ரீம் பிஸ்கட்டை எடுத்தார். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் பிஸ்கட்டை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. வைக்கத் தட்டு இல்லை. உறைக்குள்ளிருந்து பிரின்ட் காகிதம் ஒன்றை உருவி மடியில் வைத்து அதன்மேல் பிஸ்கட்டை அடுக்கினார். வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக அவர் உட்கார்ந்ததே இல்லை.

செய்தித்தாளைப் பிரித்தால் முதல் பக்கத்தில் பாதி காலி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் காலிதான். காலையில் அதே இடத்தில் ஏதோ தள்ளுபடி விளம்பரம் சிவப்பு எழுத்தில் கொட்டை கொட்டையாக இருந்தது நினைவுக்கு வந்தது. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தெரியாது போலிருக்கிறது. அட, என்று ஒருதரம் வியந்துவிட்டு விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

வாசல் மணி அடித்தது. சகலையின் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குளியலறைக் கதவை யாரோ தட்டினார்கள்.

"என்னங்க, அத்தான் வந்திருக்காரு."

"ஐயோ, கதவைத் தொடாதே. ஃபிலிம் வெளிய இருக்கு. திறந்தா எல்லாம் போயிடும்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரமா? ஒரு ஃபிலிமுக்கா?" கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். "சரி."

கூடத்தில் சகலை முதல் எலும்பிலிருந்து தொடங்குவது மெல்லக் கேட்டது. வேறு யாருடைய முதுகிலோ கேட்டது. இன்ஸ்பெக்டர் இரண்டாவது பிஸ்கட்டைக் கடித்தார். அன்றைக்கு அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை.

இப்படி நாலு ஞாயிறு போயிற்று. நாலு ஞாயிறும் கேமராவில் ஃபிலிம் கிடையாது. மனுஷன் ஒரு படம்கூட எடுக்காமல் ஊருக்கெல்லாம் படம் காட்டிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு வெளியே வரும்போது மறக்காமல் இரண்டு கையையும் மூன்றாவது தட்டில் நனைத்துக்கொண்டு வருவார், உழைத்த வாசனை வர வேண்டுமே.

ஐந்தாவது ஞாயிறு மதியம் சாப்பிடும்போது மனைவி கேட்டாள்.

"இவ்ளோ நாளா கழுவுறீங்களே, ஒரு படம் காட்டுங்களேன்."

"கலைக்கு அவசரம் ஆகாதும்மா."

"அக்காகூடக் கேட்டா. உங்க வீட்டுக்காரர் உள்ள குளிக்கிறாரா, படம்தான் போடுறாரான்னு."

மானப் பிரச்சினையாகிவிட்டது. அன்று உள்ளே போனவர் ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு மீதியைத் திரும்ப மடியிலேயே வைத்துவிட்டார். கவலையில் சாய்ந்தபோது முழங்கை போய்க் கண்ணாடிக்கு மேலிருந்த வெள்ளை விளக்கின் சுவிட்சில் பட்டது. பளிச்சென்று எரிந்தது. பதறி அணைத்தார். மடியில் இருந்த காகிதம் போச்சு. போனது போகட்டும், இதையே கழுவித்தான் பார்ப்போமே என்று பிஸ்கட்டை எல்லாம் தட்டிவிட்டு அதை முதல் தட்டில் போட்டார். அரை நிமிஷத்தில் காகிதம் கறுத்தது. கன்னங்கரேலென்ற கறுப்பின் நடுவில் மூன்று வெள்ளை வட்டங்கள் எழும்பி வந்தன. மூன்றாவது வட்டம் மட்டும் ஒரு பக்கம் குறைந்திருந்தது. இன்ஸ்பெக்டருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. இது எப்படி வந்தது என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. அழகாக வந்திருக்கிறது, அது போதும்.

சாயங்காலம் விருந்தாளிகள் போனபிறகு மனைவி கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கொஞ்சம் சாய்த்தாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள்.

"இது என்ன?"

"நிலா."

"மூணு நிலாவா?"

"கலையில எத்தனை வேணாலும் இருக்கலாம்."

"இந்தக் கடைசி நிலாவுக்கு ஓரம் பல்லு பல்லா இருக்கே."

"அது கிரகணம்."

"ஓ. கிரகணத்துக்கு இடது பக்கத்துப் பல்லு கொஞ்சம் கோணலா இருக்குமா?"

"உனக்கு வானத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுதான். நல்லா இருக்கு. நானே வெச்சுக்கிறேன்," என்று பீரோவில் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி அவள் தன்னைப் பாராட்டியது இதுதான் மூன்றாவது தடவை என்று இன்ஸ்பெக்டர் கணக்குப் பார்த்துப் பூரித்துப்போனார்.

எட்டாவது ஞாயிறு. மணி நாலு இருக்கும். இன்ஸ்பெக்டர் வாளிமேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தார். கதவு தட்டப்பட்டது.

"என்னங்க, ஒரு கையெழுத்து வேணும். மாடித் தண்ணித்தொட்டி கழுவுறதுக்கு எல்லார் வீட்டுலயும் சம்மதம் கேக்குறாங்க. ஆள் வாசல்ல நிக்கிறாரு."

"கதவைத் திறக்க முடியாதே."

"திறக்க வேணாம். துண்டுக்கு அடியில தள்ளுறேன்."

தாள் உள்ளே வந்தது. இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் கலைந்து தொழில் தர்மம் விழித்துக்கொண்டது. சிவப்பு விளக்குக்கு அடியில் பிடித்து முழுசாகப் படித்தார். மேலே ஒரு வரி, 'மாடித் தொட்டியைக் கழுவ எனக்குச் சம்மதம்.' கீழே ஒரு வரி, 'மேலே கண்ட யாவும் நான் அறிந்ததே.' நடுவில் ஒரு சாண் இடம் சும்மா வெறிச்சென்று கிடந்தது. காகிதத்தை இப்படி வீணடிக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. திருப்தியாகிப் பேனாவைத் திறந்து, பழக்க தோஷத்தில், 'நேரில் ஆய்வு செய்தேன். எல்லாம் சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டு வெளியே தள்ளினார்.

"ரொம்ப நன்றிங்க," என்றது கதவு.

நன்றி என்றாளா? யோசிப்பதற்குள் தூங்கிவிட்டார்.

ஐந்து மணிக்குக் கையை நனைத்துக்கொண்டு வெளியே வந்தால் சகலையும் அக்காளும் கிளம்பாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மனைவி ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். கையில் அதே தாள்.

"வாங்க. அத்தான்கிட்ட நீங்களே உங்க வாயால சொல்லணும்னுதான் இருக்கச் சொன்னேன். இதைச் சத்தமாப் படிங்க."

வாங்கிப் பார்த்தார். ஒரு சாண் இடம் காலியாக இருந்ததே, அங்கே இப்போது சிவப்பு மையில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. அவள் கையெழுத்து. படிக்கப் படிக்கக் குரல் கீழே கீழே போயிற்று.

"அடுத்த ஞாயிறு முதல் சகலைக்கு இருட்டறை வேலை கற்றுக்கொடுப்பேன். மூன்று மணிக்கு அவரோடு உள்ளே போய் ஐந்து மணிக்குத்தான் வெளியே வருவேன். நடுவில் கதவைத் திறக்கச் சொல்ல மாட்டேன். பிஸ்கட் கொண்டுபோக மாட்டேன்."

"தம்பி," என்று சகலை எழுந்தே விட்டார். கண் கலங்கிவிட்டது. "என் மெத்தை ஒவ்வொண்ணையும் கறுப்பு வெள்ளையில எடுக்கணும்னு எனக்கு எத்தனை வருஷ ஆசை தெரியுமா? கேக்கக் கூச்சமா இருந்துச்சு. நீங்களா எழுதிக்குடுக்கிறீங்களே."

"இல்ல... இது அப்ப இல்லையே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எது இல்லை?" என்றாள் மனைவி.

"இந்த நடுவுல இருக்கிறது. நான் கையெழுத்துப் போடும்போது இது எதுவும்..."

"கீழ என்ன எழுதியிருக்கீங்க, படிங்க. நேரில் ஆய்வு செய்தேன், எல்லாம் சரியாக உள்ளது. அப்ப பார்க்காமலா போட்டீங்க?"

"தம்பி பார்க்காம போடுற ஆளா?" என்றார் சகலை. "பதினோரு மாடி ஏறிப் பார்த்த மனுஷன்."

கூடமே அவரைப் பார்த்தது. அக்காள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பார்க்காமல் போட்டேன் என்று சொன்னால் இருபத்து மூன்று வருஷம் போச்சு. நாளைக்கே சகலை கடைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவார். பார்த்துத்தான் போட்டேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை போச்சு.

"பார்த்துத்தான் போட்டேன்," என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவர்கள் போனபிறகு மனைவி பீரோவிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள்.

"இது முழு பிஸ்கட். இது முழு பிஸ்கட். இது நீங்க கடிச்சது. உங்க இடது முன்பல்லு கோணல், இதோ தெரியுது பாருங்க. காகிதத்து மேல வெச்சா வெச்சதோட நிழல் வெள்ளையா விழும். இதுகூடத் தெரியாம நிலாவாம், கிரகணமாம்."

இன்ஸ்பெக்டர் பல்லை நாக்கால் தடவிப் பார்த்தார். கோணல்தான்.

"பிஸ்கட் தின்னதுக்காகவா இப்படி மாட்டிவிட்டே?"

"பிஸ்கட் கிடக்குது." அவள் உட்கார்ந்தாள். "வாரத்துல ஆறு நாள் ஆஸ்பத்திரி. ஏழாவது நாள் சமையல், துணி, வீடு. எனக்குன்னு இருக்கிறது அக்கா வர்ற ரெண்டு மணி நேரம் ஒண்ணுதான். நீங்க உள்ள போய் ஒளிஞ்சதுலேர்ந்து அத்தான் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாரு. எட்டு வாரமா நானும் அவளும் ஒரு வார்த்தை பேசலை. இருபத்தாறாவது எலும்பு வரைக்கும் கேட்டாச்சு. போன வாரம் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அது நிஜம்தான் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இன்ஸ்பெக்டருக்கு மனசு கொஞ்சம் கஷ்டப்பட்டது. சாரி என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மூளை குறுக்கே புகுந்துவிட்டது.

"சரி, சொல்லிக்குடுக்கிறேன். ஆனா ரெண்டு மணி நேரமெல்லாம் ஆகாது. ஃபிலிமை டாங்க்ல போட்டு மூடினா அஞ்சு நிமிஷம். அப்புறம் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டே வேலை பார்க்கலாம்."

"அப்படியா? ரெண்டு மணி நேரம் திறக்கவே கூடாதுன்னு எட்டு வாரமாச் சொன்னீங்களே."



ஒன்பதாவது ஞாயிறு, மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே சகலை வந்துவிட்டார். கழுத்தில் புதுக் கேமரா, தோளில் ஒரு பை, இடுப்பில் மெத்தைத் துணியில் தைத்த ஏப்ரன். மனைவி இருவரையும் உள்ளே அனுப்பினாள். இன்ஸ்பெக்டர் உள்ளே தாழ்ப்பாள் போடுவதற்குள் வெளியிலிருந்து கொண்டி மாட்டுகிற சத்தம் கேட்டது.

"எதுக்கு வெளியிலயும் பூட்டுறே?"

"யாராவது தெரியாம திறந்துட்டா படம் போயிடுமே," என்றது கதவு.

துண்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் எல்லா விளக்கையும் அணைத்தார். ஃபிலிமைச் சுருளியில் சுற்றும்போது சிவப்பு விளக்குகூடக் கூடாது. கும்மிருட்டு. இரண்டு பேர் நிற்கவே இடமில்லாத அறை. சகலையின் மூச்சு காதில் படுகிறது.

"சுருளி எங்க, தம்பி?"

"கையை நீட்டுங்க. உங்களுக்கு நேரா இருக்கு."

சகலை தடவினார். சுருளி கிடைக்கவில்லை. முதுகு கிடைத்தது.

"தம்பி, இதோ உங்க பதினாலாவது. ரொம்ப இறுகியிருக்கே. வாளி மேல உட்காருவீங்களோ?"

"அது சுருளி இல்ல சகலை. கையை எடுங்க."

"இருட்டுலதான் தம்பி எலும்பு நல்லாத் தெரியுது. வெளிச்சத்துல கண்ணு ஏமாத்திடும். இதை எனக்கு மொதல்ல சொன்னதே என் மச்சினிச்சிதான்."

"யாரு? அவளா?"

"ஆமா. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷம் எக்ஸ்ரே ஃபிலிமெல்லாம் அவதானே இருட்டறையில கழுவினா. சிவப்பு விளக்குல நின்னு நின்னு, வெளிய வந்தா வெயில் கண்ணைக் குத்துதுன்னு சொல்லுவா. கடையில கல்லாவுக்குப் பின்னால என் முதுகெலும்புப் படம் மாட்டியிருக்கேனே, அது அவ கழுவிக் குடுத்ததுதான். ஒரு ஃபிலிம் கழுவ அவளுக்குப் பத்து நிமிஷம். ஏன் தம்பி, உங்களுக்குத் தெரியாதா?"

இன்ஸ்பெக்டர் இருட்டில் நின்றார். துண்டை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு ஃபிலிமுக்கு இரண்டு மணி நேரமா என்று அவள் கேட்டுவிட்டு மௌனமாக நின்றது ஞாபகம் வந்தது. நிலாப் படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தது, சிவப்பு மை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கல்யாணமான புதிதில் அவள் பாதியில் நிறுத்திய பதிலின் மீதி இருபத்திரண்டு வருஷம் கழித்து சகலை வாயால் வந்து சேர்ந்தது. அதே நேரம் அடுப்படிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பின்னாலேயே அக்காளும் தங்கையும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

எப்படியோ தட்டுத்தடுமாறி இன்ஸ்பெக்டரே ஃபிலிமைச் சுற்றி டாங்கில் போட்டு மூடினார். நெற்றியில் வியர்வை. எத்தனை வருஷ வியர்வையோ.

"ஒண்ணு முடிஞ்சுது சகலை. இனிமே கதவைத் தட்டிப் பார்க்கலாம்."

"அதுக்குள்ளயா? பையில இன்னும் பதினொண்ணு இருக்கே தம்பி. ஒரு மெத்தைக்கு நாலு பக்கம். எதையும் விடலை."

இன்ஸ்பெக்டர் சிவப்பு விளக்கைப் போட்டார். கதவைத் தட்டக் கையை ஓங்கினார். கை அப்படியே நின்றது.

கதவின் உள்பக்கம், அவர் கண்ணுக்கு நேராக, உள்ளே வந்த பதற்றத்தில் கவனிக்காத ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி லிஃப்டில் பழசாகிப்போய்க் கழற்றி எடுத்ததாக இருக்க வேண்டும். ஓரத்தில் துருப்பிடித்த ஆணித் தடம். எழுத்து இந்தத் தடவை கட்டியான கறுப்பு மை, ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. அடியில் அவர் கையெழுத்து.

சகலை அவர் தோளுக்கு மேல் எட்டி அதை நிதானமாகப் படித்தார்.

"பதற வேண்டாம். கதவைத் திறக்க முயல வேண்டாம். உதவி வரும். அதுவரை உள்ளே இருப்பவரோடு இதமாகப் பேசிக்கொண்டிருக்கவும்." அவர் முகம் மலர்ந்தது. "அருமையா எழுதியிருக்கீங்க தம்பி. திரும்பி நில்லுங்க, முதல் எலும்புலேர்ந்து வர்றேன்."